பஃபானா பஃபானாவும் 2026 உலகக் கோப்பையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

16 ஆண்டுகளுக்குப் பிறகு தென்னாப்பிரிக்கா, அதாவது பஃபானா பஃபானா என்று செல்லமாக அழைக்கப்படும் நம் தேசிய அணி, உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆடப்போகிறது. கடந்த டிசம்பர் 5 அன்று வாஷிங்டனில் குலுக்கல் நடந்து குழுக்கள் முடிவாயின. அன்றிலிருந்து டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் சொந்தக்காரர்கள், கோயிலில் பார்ப்பவர்கள், சென்னையிலும் மொரீஷியஸிலும் இருக்கும் நண்பர்கள் என்று எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நேரமெல்லாம் தென்னாப்பிரிக்க நேரம். இந்தியாவில் இருப்பவர்கள் மூன்றரை மணி நேரமும், மொரீஷியஸில் இருப்பவர்கள் இரண்டு மணி நேரமும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் முதல் ஆட்டம் என்றைக்கு? யாரோடு?

ஜூன் 11, வியாழக்கிழமை, இரவு 9 மணி. மெக்சிகோ நகரத்தின் அஸ்டெகா மைதானத்தில், மெக்சிகோவோடு. போட்டியைத் தொடங்கி வைக்கும் ஆட்டமே நம்முடையதுதான்.

2010-ஐ நினைவு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேதியைக் கேட்டதுமே சிலிர்த்திருக்கும். அன்றும் ஜூன் 11. அன்றும் தொடக்க ஆட்டம். அன்றும் இதே இரண்டு அணிகள், ஜோகன்னஸ்பர்க் சாக்கர் சிட்டியில். 55-ஆவது நிமிடத்தில் சிஃபிவே சபலாலா இடது காலால் அடித்த பந்து வலையின் மேல் மூலையில் போய் விழுந்தபோது நாடே எழுந்து நின்றது. 79-ஆவது நிமிடத்தில் ரஃபேல் மார்கேஸ் திருப்பிப் போட்டார். 1-1.

அந்த மார்கேஸ் இப்போது மெக்சிகோவின் துணைப் பயிற்சியாளர். அன்று மெக்சிகோவின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஹாவியேர் அகீரேதான் இன்றும் தலைமைப் பயிற்சியாளர். நம்மை நன்றாகத் தெரிந்த இருவர் எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்.

மற்ற இரண்டு ஆட்டங்கள்?

ஜூன் 18, வியாழன், மாலை 6 மணி, அமெரிக்காவின் அட்லாண்டாவில். எதிரணி ஐரோப்பியத் தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்திலிருந்து வரும். டென்மார்க், வடக்கு மாசிடோனியா, செக் குடியரசு, அயர்லாந்து ஆகிய நான்கில் ஒன்று. மார்ச் 31-இல் யார் என்று முடிவாகிவிடும்.

மூன்றாவது ஆட்டம் தென் கொரியாவோடு, மெக்சிகோவின் மான்டெரே நகரில். அங்கே ஜூன் 24 மாலை; நமக்கு ஜூன் 25, வியாழன், விடியற்காலை 3 மணி. தேதியில் ஏமாந்துவிடாதீர்கள். 24-ஆம் தேதி புதன்கிழமை ராத்திரி சீக்கிரம் படுத்து, அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டும்.

குழுவிலிருந்து எத்தனை அணிகள் மேலே போகும்?

பழைய கணக்கு இந்த முறை செல்லாது. 48 அணிகள், நான்கு நான்காக 12 குழுக்கள், மொத்தம் 104 ஆட்டங்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு அணிகள் நேராகப் போகும். அப்புறம் மூன்றாம் இடம் பிடித்த 12 அணிகளில் சிறந்த எட்டும் போகும். ஆக 32 அணிகள் அடுத்த சுற்றில்.

நமக்கு இது பெரிய விஷயம். 2002-இல் தென்னாப்பிரிக்கா பராகுவேயோடு 2-2, ஸ்லோவேனியாவை 1-0, ஸ்பெயினிடம் 2-3. நான்கு புள்ளி. பராகுவேக்கும் நான்கு புள்ளி, கோல் வித்தியாசமும் சமம்தான். அவர்கள் ஒரு கோல் கூடுதலாகப் போட்டிருந்தார்கள், அதனால் நாம் வெளியே வந்தோம். 2010-இலும் நான்கு புள்ளி எடுத்து, கோல் வித்தியாசத்தில் மெக்சிகோவுக்குப் பின்னால் மூன்றாவதாக நின்றோம். இப்போதைய விதி அன்று இருந்திருந்தால் கதையே வேறு.

நான்கு புள்ளி எடுத்தால் தைரியமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. மூன்று புள்ளி என்றால் கோல் வித்தியாசம்தான் முடிவு செய்யும். 2024 ஐரோப்பியக் கோப்பையிலும் மூன்றாம் இடத்துக்காரர்களுக்கு இதேபோல் வழி இருந்தது. அங்கே ஸ்லோவேனியா மூன்று ஆட்டங்களையும் சமன் செய்து மூன்று புள்ளியோடு மேலே போனது. அதே மூன்று புள்ளி எடுத்த ஹங்கேரி வீட்டுக்குப் போனது. அதனால் தோற்கும் ஆட்டத்திலும் கடைசி நிமிடம் வரை ஒரு கோலைத் தடுப்பது வீண் வேலை இல்லை. பிள்ளைகளோடு பார்க்கும்போது இதைச் சொல்லிக்கொடுங்கள். 0-1 என்று பின்தங்கியிருக்கும்போது டிவியை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் இந்த முறை கூடாது.

நம்மிடம் புள்ளியைப் பறித்தார்கள் என்றார்களே, அப்புறம் எப்படித் தகுதி பெற்றோம்?

2025 மார்ச்சில் பொலொக்வானேயில் லெசோத்தோவை 2-0 என்று வென்றோம். ஆனால் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கியிருந்த டெபோஹோ மொகோயெனா அந்த ஆட்டத்தில் ஆடியிருக்கக் கூடாது. செப்டம்பர் கடைசியில் ஃபிஃபா அந்த வெற்றியை ரத்து செய்து, லெசோத்தோ 3-0 என்று வென்றதாக அறிவித்தது. குழுவில் வசதியாக முதலிடத்தில் இருந்த அணி ஒரே நாளில் பெனினுக்குக் கீழே போய்விட்டது.

அக்டோபர் 10-இல் நம்ம டர்பன் மோசஸ் மபீதா மைதானத்தில் ஜிம்பாப்வேயோடு 0-0. ஜிம்பாப்வே தன் சொந்த ஊர் ஆட்டத்தை இங்கே வந்து ஆட வேண்டிய நிலை, அதனால்தான் டர்பன். அன்றைக்கு மைதானத்தை விட்டு இறங்கியவர்கள் முகத்தில் உயிரே இல்லை. பெனின் நம்மைவிட இரண்டு புள்ளி மேலே. மீதி ஒரே ஆட்டம்.

அக்டோபர் 14, ம்பொம்பேலா மைதானம். தலென்டே ம்பாதா, ஆஸ்வின் அப்போலிஸ், எவிடென்ஸ் மக்கோபா ஆளுக்கொன்று போட, ருவாண்டாவை 3-0 என்று வென்றோம். அதே நேரம் நைஜீரியா தன் ஊரில் பெனினை 4-0 என்று நொறுக்கியது. முடிவில் நமக்கு 18, நைஜீரியாவுக்கும் பெனினுக்கும் 17. நைஜீரியாவைக் கண்டாலே முறைக்கும் நம் ஆட்கள், அன்று ஒரு ராத்திரி முழுக்க நைஜீரியாவுக்குக் கைதட்டினார்கள்.

நிர்வாகம் செய்த பிழைக்கு ஆட்டக்காரர்கள் காலால் வட்டி கட்டினார்கள். இந்த அணியின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த நான்கு நாட்களில்தான்.

உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறதா, இல்லை ஆசையில் சொல்கிறீர்களா?

இருக்கிறது. முதலில் வரலாற்றைப் பார்த்துவிடுவோம். 1998, 2002, 2010 என்று மூன்று உலகக் கோப்பைகளில் ஒன்பது ஆட்டம் ஆடியிருக்கிறோம். இரண்டு வெற்றி, நான்கு சமன், மூன்று தோல்வி. ஒரு தடவைகூட முதல் சுற்றைத் தாண்டியதில்லை. 2010-இல் போட்டியை நடத்தும் நாடே முதல் சுற்றில் வெளியேறியது அதுதான் முதல் தடவை. அதனால் கோப்பையை வெல்வோமா என்று என்னிடம் கேட்காதீர்கள். முதல் சுற்றைத் தாண்டுவதுதான் இந்த முறை நம் கோப்பை. அதை நான் முழு மனதோடு எதிர்பார்க்கிறேன்.

காரணம் இந்த அணி ஒரே கையில் வளர்ந்தது. 2021-இல் பயிற்சியாளர் ஹ்யூகோ ப்ரூஸ் வந்தபோது பெரிய பெயர்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இளைஞர்களை எடுத்தார். அன்று எல்லோரும் திட்டினார்கள். 2024 தொடக்கத்தில் ஐவரி கோஸ்டில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில், உலகக் கோப்பை அரையிறுதி வரை போயிருந்த மொராக்கோவை 2-0 என்று வென்று, கடைசியில் வெண்கலம் வாங்கிவந்தார்கள். இப்போது மொராக்கோவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் காமரூனிடம் 1-2 என்று தோற்றுத் திரும்பியது வலிக்கிறது, உண்மைதான். கோல் முன்னால் கிடைத்த வாய்ப்புகளை வீணாக்கினோம். அதைச் சரிசெய்ய ஜூன் வரை நேரம் இருக்கிறது.

இன்னொன்று. நம் அணியில் பெரும்பாலோர் மாமெலோடி சன்டவுன்ஸ், ஒர்லாண்டோ பைரட்ஸ் என்ற இரண்டே கிளப்களில் இருந்து வருபவர்கள். வாரா வாரம் சேர்ந்து ஆடுபவர்கள். ஐரோப்பாவில் பத்து நாடுகளில் சிதறிக் கிடக்கும் ஆட்டக்காரர்களை ஒரு வாரத்தில் ஒன்றுசேர்க்கும் தொல்லை நமக்கு இல்லை. பெரிய லீக்கில் ஆடுபவர் குறைவு என்று சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது பலமாகவே தெரிகிறது.

மெக்சிகோ நகரம் ரொம்ப உயரத்தில் இருக்கிறதாமே? மூச்சு வாங்காதா?

சுமார் 2,240 மீட்டர். கடலோரத்தில் இருக்கும் டர்பன்காரர்கள் ஜோகன்னஸ்பர்க் போனாலே மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் நம் ஆட்டக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அங்கேயே பயிற்சி எடுப்பவர்கள். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர், பிரிட்டோரியா 1,300 மீட்டருக்கு மேல். ஐரோப்பிய அணிகளுக்கு இருக்கும் அதிர்ச்சி நமக்கு இருக்காது.

பயப்பட வேண்டியது உயரத்துக்கு அல்ல, கூட்டத்துக்கு. உலகக் கோப்பையில் அஸ்டெகாவில் ஆடிய எந்த ஆட்டத்திலும் மெக்சிகோ தோற்றதில்லை. 1970-இலும் 1986-இலும் அவர்கள் வெளியேறியது வேறு ஊர்களில்தான். முதல் இருபது நிமிடம் கோல் வாங்காமல் தாக்குப்பிடித்தால் அந்தச் சத்தம் அவர்கள் பக்கமே திரும்பும். சொந்த ஊர் ரசிகர்களின் பொறுமையின்மை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன? 

யாரைக் கவனித்துப் பார்ப்பது?

முதலில் கோல்காப்பாளர், தலைவர் ரான்வென் வில்லியம்ஸ். 2024 ஆப்பிரிக்கக் கோப்பைக் காலிறுதியில் கேப் வெர்டேக்கு எதிராகப் பெனால்டி உதைகளில் நான்கைத் தடுத்தவர். நான்கு! அந்த ஆண்டே உலகின் சிறந்த கோல்காப்பாளருக்கான யாஷின் விருதுப் பட்டியலில் பெயர் வந்தது. ஆப்பிரிக்கக் கிளப்பில் ஆடிக்கொண்டே அந்தப் பட்டியலுக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

நடுக்களத்தில் மொகோயெனா. தூரத்திலிருந்து அடிக்கும் அவர் உதையை ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். முன்னால் இங்கிலாந்தின் பர்ன்லியில் ஆடும் லைல் ஃபாஸ்டர். ஓரத்தில் அப்போலிஸ். பைரட்ஸின் ரெலெபோஹிலே மொஃபோகெங் 2004-இல் பிறந்தவர். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு அவர் திரும்பும் விதமே தனி. பின்னால் ம்பெகெசெலி ம்பொகாசி, நம் குவாஸூலு-நேட்டால் பையன், இப்போது அமெரிக்காவின் சிகாகோ ஃபயரில். இருபது வயதில் இவ்வளவு நிதானமாகப் பந்தை வெளியே எடுத்துவரும் தடுப்பாட்டக்காரரை இந்த நாட்டில் நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

பயிற்சியாளர் வயதானவர் என்கிறார்களே?

ஏப்ரலில் 74 நிறைகிறது. இந்த உலகக் கோப்பையோடு ஓய்வு பெறுவதாகச் சொல்லியிருக்கிறார். 1986-இல் இதே மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில் பெல்ஜியம் அணியில் இருந்தவர். அந்த அணி அரையிறுதி வரை போனது. மெக்சிகோவின் அகீரேயும் அதே போட்டியில் தன் நாட்டுக்காக ஆடியவர். 40 ஆண்டுகள் கழித்து இருவரும் அதே நாட்டில் எதிரெதிரே உட்காரப் போகிறார்கள். வயது ஒரு குறையா என்ன?

கொரியாவை வெல்ல முடியுமா?

கஷ்டம். அவர்களுக்கு இது தொடர்ச்சியாக 11-ஆவது உலகக் கோப்பை. சன் ஹியூங்-மின், லீ காங்-இன், கிம் மின்-ஜே என்று உலகம் அறிந்த பெயர்கள். ஆனால் 2025 கிளப் உலகக் கோப்பையில் சன்டவுன்ஸ் கொரியாவின் உல்சான் அணியை 1-0 என்று வென்றது. அதுவும் அமெரிக்காவில், இடி மின்னலால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கிய நாளில். கிளப் வேறு, நாடு வேறு, சரி. ஆனாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்த அனுபவம் நம் ஆட்டக்காரர்களுக்கு இருக்கிறது.

இந்தியர்களுக்கு கிரிக்கெட்தானே? கால்பந்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்டால் புரிகிறது. டர்பனிலேயே பிறந்து வளர்ந்த இருபது வயதுப் பிள்ளைகள் கேட்கும்போதுதான் மனசு கனக்கிறது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் கூட்டம் வந்து இறங்கியது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர்களின் பிள்ளைகள் காலுக்குக் கிடைத்த ஆட்டம் கால்பந்து. செலவில்லாத ஆட்டம், வெறுங்கால் போதும். 1903-இலேயே கிம்பர்லியில் சாம் சைனா கோப்பை தொடங்கிவிட்டது. நாட்டின் பல பகுதி இந்திய அணிகள் அதற்காகப் பல பத்தாண்டுகள் மோதின. காந்தி இங்கே இருந்த காலத்தில் சத்தியாக்கிரகிகளின் பெயரிலேயே, பாசிவ் ரெசிஸ்டர்ஸ் என்று, கால்பந்து அணிகள் இருந்தன.

நிறவெறிச் சட்டங்கள் வந்தபோது விளையாட்டும் நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டது. அதை ஏற்காமல் ஆப்பிரிக்க, இந்திய, கலர்ட் (கலப்பினத்தவர்) சங்கங்கள் ஒன்றுசேர்ந்து 1951-இல் தென்னாப்பிரிக்க சாக்கர் கூட்டமைப்பை உருவாக்கின. வெள்ளையருக்கு மட்டுமான சங்கத்தை ஃபிஃபா அங்கீகரிக்கக் கூடாது என்று உலகம் முழுக்க எழுதிப் போராடியவர்கள் அவர்கள்தான். 1961-இல் ஃபிஃபா தென்னாப்பிரிக்காவை இடைநீக்கம் செய்தது. 1976-இல், சோவெட்டோ எழுச்சி நடந்த அதே ஆண்டில், முழுதாக வெளியேற்றியது.

அந்த ஆண்டுகளில் டர்பன் கரீஸ் ஃபவுண்டன் மைதானம்தான் நமக்கு வெம்ப்ளி. ஏசஸ் யுனைடெட், பெரியா, வெருலம் சபர்ப்ஸ், மேனிங் ரேஞ்சர்ஸ். இந்தப் பெயர்களைத் தாத்தாக்களிடம் சொல்லிப் பாருங்கள். அப்புறம் அவர்கள் பேச்சை நிறுத்த முடியாது. நாட்டுக்காக ஆடும் தகுதி இருந்தும், ஆட நாடே இல்லாமல் போன ஒரு தலைமுறை அது. உலகக் கோப்பை என்ற சொல்லே அவர்களுக்கு வேறு யாருக்கோ நடக்கும் திருவிழா.

அப்புறம் 1992 ஜூலை 7. தடை நீங்கித் தென்னாப்பிரிக்கா ஆடிய முதல் சர்வதேச ஆட்டம். எங்கே? நம்ம டர்பனில், கிங்ஸ் பார்க் மைதானத்தில். காமரூனை 1-0 என்று வென்றோம். டாக்டர் குமாலோ பெனால்டி அடித்தார். பஃபானா பஃபானாவின் கதை தொடங்கிய ஊர் இது.

1996-97-இல் இன்றைய பிரீமியர் சாக்கர் லீகின் முதல் பருவத்தை வென்றது யார் தெரியுமா? கைசர் சீஃப்ஸும் இல்லை, பைரட்ஸும் இல்லை. 1928-இல் டர்பன் இந்தியர்கள் தொடங்கிய மேனிங் ரேஞ்சர்ஸ். சாட்ஸ்வொர்த் மைதானத்தைத் தன் ஊராகக் கொண்ட அணி. பின்னாளில் கைமாறி, பெயர் மாறி, மறைந்துபோனது. ஆனால் நாட்டின் முதல் சாம்பியன் பட்டியலில் முதல் வரி அதுதான், அதை யாரும் அழிக்க முடியாது.

இனி யாராவது கால்பந்து நம் ஆட்டமா என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

என் பையன் லிவர்பூல் சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறான். பஃபானா என்றால் உதட்டைப் பிதுக்குகிறான். என்ன செய்ய?

கழற்றச் சொல்லாதீர்கள். சண்டைதான் வரும். ருவாண்டா ஆட்டத்தின் மூன்று கோல்களையும் காட்டுங்கள். மோசஸ் மபீதாவில் பஃபானா ஆட வந்தால் ஒரு தடவை கூட்டிப்போங்கள். டிவியில் பார்ப்பது வேறு, வுவுசேலா காதைப் பிளக்க, பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஜூலு மாமா தோளில் கைபோட்டு கோல் விழுந்ததும் “லதூமா!” என்று கத்துவது வேறு. அதை அனுபவித்த பிள்ளை தானாக வரும். லிவர்பூலை வைத்துக்கொண்டே வரட்டும், தப்பில்லை.

2010-இல் டர்பனில் என்ன ஆட்டங்கள் நடந்தன?

ஏழு ஆட்டங்கள். அதில் ஒரு அரையிறுதி. ஜூலை 7, ஸ்பெயின் ஜெர்மனியை 1-0 என்று வென்றது. கார்லெஸ் புயோல் தலையால் முட்டிய அந்த கோல் விழுந்தது நம் மோசஸ் மபீதாவில்தான். நான்கு நாள் கழித்து ஸ்பெயின் கோப்பையைத் தூக்கியது.

எந்தச் சேனலில் வரும்?

உலகக் கோப்பை, நாட்டு நலனுக்கான விளையாட்டு என்று ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஐகாசா பட்டியலிட்டிருக்கும் போட்டி. இந்தப் பட்டியலே கட்டணம் கட்டாதவர்களுக்கும் இப்படிப்பட்ட போட்டிகள் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். அதனால் இதற்காகவே புதிதாகக் கட்டணச் சேவையான டிஎஸ்டிவிக்குச் சந்தா கட்ட நினைப்பவர்கள் முதலில் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி வெளியிடும் ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை: போனில், இணையம் வழியாகப் பார்ப்பவர்களுக்குப் படம் சில நொடிகள் பின்னால் வரும். பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்ட பிறகுதான் உங்களுக்கு கோல் விழும். முடிந்தால் அன்டெனா, இல்லாவிட்டால் டிஷ். ஜூலு புரிந்தவர்கள் உகோஸி எஃப்எம் வானொலி வர்ணனையையும் கேட்டுப் பாருங்கள்.

விடியற்காலை 3 மணி ஆட்டத்துக்குப் பிள்ளைகளை எழுப்பலாமா?

எழுப்புங்கள். அன்று பள்ளி உண்டு, பலருக்கு அரையாண்டுப் பரீட்சை நேரம், எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். பரீட்சை இருந்தால் மட்டும் வேண்டாம். மற்றபடி ஐந்து மணிக்கு ஆட்டம் முடியும், ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து போகட்டும். குழுவின் கடைசி ஆட்டம் அது. மேலே போவதும் திரும்பி வருவதும் அந்த இரண்டு மணி நேரத்தில் முடிவாகலாம். இந்த நாடு இதற்கு முன் உலகக் கோப்பைக்குப் போய் 16 ஆண்டுகள். உங்கள் பிள்ளைக்கு அடுத்தது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஜூன் மாதக் குளிர். டர்பனில் பெரிதில்லை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் கம்பளி வேண்டும். இஞ்சி டீயை ஃபிளாஸ்க்கில் முந்தின இரவே போட்டுவையுங்கள்.

நேரில் போக முடியுமா?

பணமும் விசாவும் இருந்தால். முதலில் அமெரிக்க விசா. தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்கு மெக்சிகோவும் விசா கேட்கும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். அதனால் அமெரிக்க விசாவிலேயே கவனம் வையுங்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்கு நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்க ஃபிஃபா வழியாக ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது வரிசையில் முன்னால் நிறுத்துமே தவிர, விசாவுக்கு உத்தரவாதம் இல்லை. மெக்சிகோ, அட்லாண்டா, திரும்பவும் மெக்சிகோ என்று பயணம் இருப்பதால், எத்தனை தடவை நுழையலாம் என்பதை விசாவில் பாருங்கள்.

டிக்கெட்டை ஃபிஃபாவின் தளத்தைத் தவிர வேறு எங்கும் வாங்காதீர்கள். அணி ரசிகர்களுக்கென்று 60 டாலர் டிக்கெட் கொஞ்சம் ஒதுக்கியிருக்கிறார்கள், அது நாட்டுச் சங்கங்கள் வழியாகத்தான். மற்ற விலைகள் கண்ணைக் கட்டும். ஓர் ஆட்டம் மட்டும் என்றால் நான் அட்லாண்டாவைச் சொல்வேன்: ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நேர் விமானம் இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் கூடிப் பார்க்க என்ன சமைக்கலாம்?

ஒன்பது மணி ஆட்டத்துக்கு பிரியாணியும் தாலும், ஆட்டத்துக்கு முன்னாடியே பரிமாறிவிடுங்கள். ஆறு மணி ஆட்டத்துக்கு குவார்ட்டர் மட்டன் பன்னி சௌ, அதாவது கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றியது. வேலை முடிந்து வரும் வழியில் ஆளுக்கு ஒன்று வாங்கி வந்துவிட்டால் சமையல்கட்டில் யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம். பெரியம்மாவும் அத்தையும் ஆட்டம் முழுக்க அடுப்படியில் நிற்க, ஆண்கள் மட்டும் பார்ப்பது என்பது எனக்குச் சம்மதமில்லை. இந்த முறை ஒவ்வொரு பாதியிலும் நடுவில் மூன்று நிமிடம் தண்ணீர் இடைவேளை உண்டு. தட்டை எடுக்க, டீ போட அது போதும்.

பந்தயம் கட்டலாமா?

வேண்டாம். போனில் விரலால் தட்டினால் போகும் பணம், மாதக் கடைசியில் மளிகைக் கடையில் தெரியும். நம் தெருக்களில் இது எத்தனை குடும்பங்களைக் கலைத்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆட்டத்தை ஆட்டமாகப் பாருங்கள்.

இறுதி ஆட்டம் ஆடிக் கூழ் நாளில் வருகிறதா?

ஆமாம். ஜூலை 19 ஞாயிறு, இரவு 9 மணி, நியூ ஜெர்சியில். ஆடி பிறந்து வரும் முதல் ஞாயிறு, பல மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் நாள். மோதல் ஒன்றுமில்லை. காலையில் கோயில், இரவில் ஆட்டம். மறுநாள் திங்கள் வேலை, அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

நம் அணி வெளியேறிவிட்டால் யாருக்குக் கைதட்டுவது?

ஆப்பிரிக்காவிலிருந்து நேராகத் தகுதி பெற்றவை ஒன்பது: மொராக்கோ, துனீசியா, எகிப்து, அல்ஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட், செனகல், கேப் வெர்டே, நாம். என் மனசு கேப் வெர்டே பக்கம். சில லட்சம் பேர் மட்டும் வாழும் தீவு நாடு, முதல் உலகக் கோப்பை. ஸ்பெயின், உருகுவே, சவுதி அரேபியா இருக்கும் குழுவில் மாட்டியிருக்கிறார்கள். மொரீஷியஸ், ரீயூனியன் தமிழர்களே, தீவுக்காரர்களுக்கு நீங்கள் கைதட்டாவிட்டால் யார் தட்டுவது?

முதல் சுற்றைத் தாண்டினால் அடுத்த ஆட்டம் எப்போது?

குழுவில் எந்த இடம் என்பதைப் பொறுத்தது. முதலிடம் என்றால் திரும்பவும் மெக்சிகோ நகரம், அங்கே ஜூன் 30. மூன்றாம் இடம் என்றால் மற்ற குழுக்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் ஊரும் எதிரணியும் தெரியும். இரண்டாம் இடம் பிடித்தால் லாஸ் ஏஞ்சலிஸில், கனடாவும் சுவிட்சர்லாந்தும் கத்தாரும் இருக்கும் பி குழுவின் இரண்டாம் அணியோடு. நாள் ஜூன் 28, ஞாயிறு, இரவு 9 மணி. அன்றைக்குக் கல்யாணமோ, பிறந்தநாளோ வைக்க நினைப்பவர்கள் மண்டபம் எடுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை யோசியுங்கள். நான் அந்த இரவுக்கு எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.